வண்டி பத்து நிமிஷம் நிக்கும்!

நள்ளிரவு தாண்டிய நேரம். பேருந்தின் தகரத்தை யாரோ உள்ளங்கையால் படபடவென்று தட்டுகிறார்கள். "டீ, காபி, டிபன் சாப்பிடுறவங்க சாப்பிடலாம். வண்டி பத்து நிமிஷம் நிக்கும்!" ஸ்பீக்கரில் எண்பதுகளின் பாட்டு, கண்ணைக் கூசவைக்கும் டியூப் லைட், ஈரத் தரை, சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டும் கல்லா. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களில் இந்தக் காட்சிக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருமுறையாவது இறங்காதவர் குறைவு. இது எந்த ஊர் என்று கேட்டால் பாதித் தூக்கத்திலும் பதில் வரும்: விக்கிரவாண்டி.

ஆனால் விக்கிரவாண்டி ஊருக்குள் போய்ச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? அங்கே ஊர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இல்லை. செய்தியில் அது டோல்கேட்டாக வரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வண்டிகள் எவ்வளவு தூரத்துக்கு வரிசை கட்டி நிற்கின்றன என்று சொல்வார்கள். தொகுதியாகவும் வரும், 2019 அக்டோபரில் ஓர் இடைத்தேர்தல், 2024 ஜூலையில் இன்னொன்று. 2024 அக்டோபர் 27 அன்று பக்கத்து வி.சாலையில் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் முதல் மாநில மாநாட்டை நடத்தியபோது தொலைக்காட்சி வண்டிகள் எல்லாம் அங்கேதான் நின்றன. ஒரு பேரூராட்சிக்கு இவ்வளவு புகழ் அதிகம்தான். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கெட்ட பெயர். சாலையோர மோட்டல்கள் சம்பாதித்த அந்தப் பெயரை ஊர்க் கணக்கில் எழுதிவிட்டோம்.

அந்தக் கணக்கைத் திருத்தத்தான் நாங்கள் கிளம்பினோம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. எங்களுக்கு நன்றாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். குழுவில் ஐந்து பேர். ஒருவர் மருந்துக் கம்பெனி ரெப். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எது சுடச்சுடக் கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இன்னொருவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அண்ணன். மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன், முட்டை வாசனை வந்தாலே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளும் சைவன். ஐந்தாவது ஆள் நான். பில்லைப் பங்கு பிரிப்பதும் எழுதுவதும் என் வேலை.

எங்களுக்குள் ஒரே விதிதான் உண்டு. இன்று சாப்பிடுகிறவர் நாளையும் வந்து சாப்பிடுகிற கடையாக இருக்க வேண்டும். ஏ.சி. இருக்கிறதா, கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் பிறகு. இந்த விதியைக் கொண்டுவந்தவர் ரெப். "புதுசா ஒரு ஊருக்குப் போனா, நல்ல ஹோட்டல் எதுன்னு கேட்கவே கூடாது. கேட்டா பெரிய போர்டு வெச்ச கடையைக் கைகாட்டுவாங்க. ஆட்டோ ஸ்டாண்டுல போய், 'நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க'ன்னு கேட்கணும்" என்பார். கோர்ட் வாசல் டைப்பிஸ்ட், மூட்டை தூக்கும் தொழிலாளி, தாலுகா ஆபீஸ் உதவியாளர், இவர்கள் யாரும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை வீணாக்க மாட்டார்கள்.

மோட்டல் நடக்கும் விதம்

மோட்டல்கள் ஏன் விக்கிரவாண்டியில் குவிந்தன? வரைபடத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். இங்கேதான் சாலை பிரிகிறது. நேரே போனால் விழுப்புரம், திருச்சி, மதுரை. இடது பக்கம் திரும்பினால் பண்ருட்டி, நெய்வேலி, கும்பகோணம், தஞ்சாவூர். பழைய எண்ணில் 45சி, இப்போது தேசிய நெடுஞ்சாலை 36. டெல்டாவுக்குப் போகிற வண்டியும் தென்கோடிக்குப் போகிற வண்டியும் சேர்ந்து வருகிற கடைசி இடம் இதுதான். இரவு ஒன்பது, பத்துக்குக் கோயம்பேட்டில் எடுத்த வண்டி, தாம்பரத்தையும் செங்கல்பட்டையும் கடந்து இங்கே வரும்போது ஓட்டுநருக்குக் கால் மரத்திருக்கும், பயணிக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு அந்தத் தூரம் குறைந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

மீதிப் பாதி, சாலை அகலமானதில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோடு என்று நாம் சொல்லும் பழைய சாலை திண்டிவனம் கடைவீதிக்குள்ளும் விழுப்புரம் நகருக்குள்ளும் புகுந்து போன காலத்தில், பேருந்து ஊருக்குள்தான் நின்றது. பயணி சாப்பிட்ட அதே பெஞ்சில் ஊர்க்காரரும் உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பாரில் தண்ணீர் விட்டால் கேட்க உள்ளூர் வாய் இருந்தது. 2000களில் நான்குவழிச் சாலை வந்து ஊர்களைப் புறவழியில் ஒதுக்கியதும், கடையில் உட்காருகிறவர்கள் அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பயணி முடிவு செய்வதில்லை. மோட்டல்காரர் ஒப்பந்தம் எடுத்து, வண்டி நிற்பதற்குப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டணம் கட்டுகிறார். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு இலவசம். ஆம்னி பஸ் என்றால் முதலாளிக்கும் மோட்டலுக்கும் தனிப் பேச்சு. இந்தச் செலவையெல்லாம் எங்கே ஏற்றுவது? தோசை விலையில் ஏற்றலாம், தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேலே ஏற்றலாம், மாவில் தண்ணீராக ஊற்றலாம். சாப்பிட்டவர் திட்டிக்கொண்டே வண்டி ஏறிவிடுவார். மறுபடி இங்கே அவர் வரப்போவது அடுத்த தீபாவளிக்கு. அப்போதும் அவர் கேட்டு நிற்கப்போவதில்லை, வண்டிதான் கொண்டுவந்து நிறுத்தும். சமையல்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நன்றாகச் சமைத்தாலும் மோசமாகச் சமைத்தாலும் அதே கூட்டம் வருகிற இடத்தில் எந்த மாஸ்டருக்கும் கை தளரும்.

அண்ணனிடம் இதைக் கேட்டோம். அந்த இலவசச் சாப்பாடு எப்படியிருக்கும்? அவர் கொஞ்சம் நெளிந்தார். "எங்களுக்குத் தனி ரூம். தனியாச் செஞ்சதுதான் வரும். சூடா ஆம்லெட் போடுவாங்க. பசங்களா, அதுல தப்பு சொல்ல முடியாது." பிறகு அவரே சேர்த்துக்கொண்டார்: "கைக்குழந்தையோட ஒரு அம்மா வெந்நி கேட்டு நிக்கும். அதுக்கும் காசு கேட்பான். அப்பல்லாம் உள்ள உட்கார்ந்து ஆம்லெட் சாப்பிடறது தொண்டையில நிக்கும்." ஆசிரியை அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். பேச்சு மாறியது.

மிஷ்லான் என்கிற பிரெஞ்சு டயர் கம்பெனி 1900இல் கார்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தது. கார் நிறைய ஓடினால் டயர் நிறையத் தேயும் என்பது அதன் கணக்கு. பின்னாளில் அதே புத்தகம் ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. அதில் இரண்டு நட்சத்திரம் என்றால், போகிற வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம் என்று பொருள். சமையலின் நட்சத்திர அளவுகோலே ஒரு காலத்தில் நெடுஞ்சாலை அளவுகோலாக இருந்திருக்கிறது. நம்முடைய பத்து நிமிஷத்தில் விலகிப் போக இடமே இல்லை. அதனால் சொந்த வண்டி, வாடகை வண்டி, அல்லது ஊர் ஊராக நிற்கிற நகரப் பேருந்து. நாங்கள் மூன்றையும் பயன்படுத்தினோம்.

மல்லாட்டைச் சட்னி

விக்கிரவாண்டி கடைவீதியில் காலை ஏழு மணிக்கு இட்லி ஆவி பறக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை இந்தப் பக்கம் 'கமிட்டி' என்பார்கள். நெல்லும் மணிலாவும் வருகிற நாட்களில் கமிட்டிக்கு மூட்டையோடு வரும் விவசாயிகள், எடை போடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் விடியலிலேயே வயிற்றைக் கவனித்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள். நாங்கள் போன கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, வாழையிலைத் துண்டு. அம்மா இட்லித் தட்டைக் கவிழ்த்துத் துணியை உரிக்க, அவர் கணவர் பரிமாறுகிறார். சட்னியைத் தொட்டதும் வங்கித் தோழன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது தேங்கா இல்லியே?"

மல்லாட்டை. நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை என்று தமிழ்நாடு முழுக்கப் பல பெயர்; பழைய தென்னார்க்காட்டில் கிழவிகள் வாயில் அது மல்லாட்டைதான். வறுத்துத் தோல் நீக்கி, காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி வைத்து அரைத்த சட்னி. தேங்காய் விலை ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இதுதான் இட்லிக்குத் துணை. வானம் பார்த்த காட்டில் விளைந்தது அது. இந்த மண்ணுக்கும் மணிலாவுக்கும் உள்ள உறவு லேசானதல்ல. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வெளிவரும் ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனத்தின் சுருக்கம்தான் அது. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 இந்தியாவின் பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் விதைக்கப்பட்டது. அடுத்த முறை ஆந்திராவில் பல்லி சட்னி சாப்பிடும்போது, அந்தக் கடலையின் பாட்டி திண்டிவனத்துக்காரியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறினால் கூழ் வண்டி வந்துவிடும். கேழ்வரகுக் கூழை இங்கே 'கேவுரு கூழ்' என்பார்கள். மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, சொம்பில் தருவார்கள். தொட்டுக்கொள்ள வரிசையாகக் கிண்ணங்கள்: மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மாங்காய்த் துண்டு, நெத்திலிக் கருவாடு. சைவனுக்காகக் கருவாட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார் கூழ்க்காரம்மா. சொல்லாமலேயே எப்படித் தெரிந்தது? "மூஞ்சி போற போக்குலயே தெரியுது சாமி" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலும் ஜங்ஷனும்

விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலை ஊர். 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அது மருத்துவமனை ஊராகவும் ஆகிவிட்டது. ஒரு நல்ல சாப்பாட்டுக்காக இங்கே இறங்குவது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எங்களை இழுத்து வந்தது ரெப். "இந்த வாசல்ல பத்து நாள் கடை நடத்தினாப் போதும், ஊர் பூரா சமைக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டின் இலக்கணமே வேறு. வாங்குகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் வேறொருவர். "காரம் கம்மியா", "பிள்ளை பெத்தவளுக்கு, பூண்டு கொஞ்சம் போட்டு", "சுகர் இருக்கு, இட்லி ரெண்டு போதும்", "தாத்தாவுக்குக் கொழைய வடிச்ச சோறு" என்று ஆர்டர் வரும். கடைக்காரர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். மூன்றாம் நாள் அவர்கள் முகம் பார்த்ததும் தூக்கு கைமாறுகிறது. ரசம் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. மிளகு தூக்கலாக, புளி அடக்கமாக, மேலே நெய் கிடையாது. நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு தம்ளர் ரசம் குடித்தோம். அந்த வழியில் நான் சாப்பிட்டவற்றில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால், பிரியாணிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த ரசத்துக்குத்தான். வெந்நீருக்கு அங்கே காசு இல்லை. அண்ணன் அதை இரண்டு முறை எங்களுக்குச் சுட்டிக்காட்டினார்.

விழுப்புரத்தின் பசி ரயில்வேக்காரரின் பசி. தெற்கே போகிற ரயில் பாதை இங்கேதான் இரண்டாகிறது: மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியே மெயின் லைன், விருத்தாசலம், அரியலூர் வழியே கார்டு லைன். போதாதற்குப் புதுச்சேரிக்கு ஒன்று, காட்பாடிக்கு ஒன்று. சென்னையிலிருந்து விழுப்புரம் வரைதான் மின்சார இன்ஜின், அதற்கப்பால் வேறு இன்ஜின் என்று ஒரு நெடுங்காலம் இருந்தது. இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற அந்த நேரம்தான் பிளாட்பாரத்து இட்லிப் பொட்டலத்துக்குப் பொன்னான நேரம். தெற்குப் பக்கமும் மின்மயமாகி இன்ஜின் மாற்றம் நின்றதோடு அந்த வியாபாரமும் மெலிந்தது. ஆனால் இரவு ஷிப்ட் முடித்து நேரங்கெட்ட நேரத்தில் பசியோடு வருகிற ஊழியர்கள் இன்றும் உண்டு. ஸ்டேஷனைச் சுற்றிய சிறு கடைகளில் விடியற்காலையிலேயே பூரி கிடைப்பது அவர்களால்தான். பயணி நினைக்கிறார், தனக்காகத் திறந்திருக்கிறார்கள் என்று.

மதியச் சாப்பாட்டுக்கு நான்குமுனை சந்திப்பிலிருந்து நேருஜி சாலையில் நடந்தோம். விழுப்புரம் 1993இல் மாவட்டத் தலைநகரானது. அதிலிருந்து கலெக்டர் ஆபீஸ், கோர்ட், போக்குவரத்துக் கழகத் தலைமை அலுவலகம் என்று மதியம் ஒரு மணிக்கு ஒன்றாகக் கலைகிற கூட்டம் இந்த ஊரில் ஏராளம். வீட்டை மெஸ்ஸாக்கிய கடைகள் சந்துகளில் இருக்கின்றன. செவ்வாய் என்றால் காராமணிக் குழம்பு, வெள்ளி என்றால் வடை பாயசம் என்று கிழமைக்கு ஒரு வகை. கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு வாசனை தெருமுனைக்கே வந்து கூப்பிடுகிறது. அசைவத்துக்கு ஒரு பக்கமும் சைவத்துக்கு ஒரு பக்கமுமாகப் பிரிந்து உட்கார்ந்தோம். எங்கள் குழுவில் நட்பு நீடிப்பதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

பிரியாணியைப் பற்றி விரிவாக எழுத இடம் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. ஆம்பூர்ப் பக்கத்துக் கை. மசாலா அடக்கம், ஓரத்தில் கத்திரிக்காய்த் தொக்கு. நன்றாக இருந்தது. இரவுப் பரோட்டாவுக்குச் சேர்வா கேட்டு வாங்குங்கள். குருமா என்று கேட்டால் வேறு ஏதோ வரும்.

செஞ்சிக்கு ஒரு சுற்று

விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரம் வடமேற்கே போனால் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு உரியது இது ஒன்றுதான். நாங்கள் ராஜகிரி மேலே ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முட்டை மிட்டாய்க்காகப் போனோம். முட்டை, பால்கோவா, சர்க்கரை, நெய், கொஞ்சம் பாதாம், குங்குமப்பூ. அடுப்பில் சுண்டவைத்துத் தட்டில் ஊற்றி மேலேயும் கீழேயும் அனல் வைத்துச் சுட்டு எடுப்பது. மேலே பழுப்பு, உள்ளே மஞ்சள். முட்டை வாடை இல்லாமல் முட்டையைச் சமைக்கிற கலை. சைவன் காரில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றான்.

நவாபு, மராத்தி, பிரெஞ்சு என்று பல கொடிகள் ஏறி இறங்கிய கோட்டை ஊரில் இப்படி ஓர் இனிப்பு பிழைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. யார் கொண்டுவந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

நல்லியக்கோடனின் பந்தி

திண்டிவனத்துக்குத் திரும்பும் வழியில் ஆசிரியை வாய் திறந்தார். "நாம இப்ப சுத்தற இந்த வழியை ஒருத்தர் ஏற்கெனவே எழுதிட்டார்."

அவர் சொன்னது சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மான் நல்லியக்கோடன். அவன் ஆண்ட ஓய்மாநாடு என்பது இன்றைய திண்டிவனம் வட்டாரமும் அதையொட்டிய கடற்கரையும்தான். அவனுடைய கிடங்கில் என்னும் ஊர், இன்றும் திண்டிவனத்துக்குள் கிடங்கல் என்ற பகுதியாக இருக்கிறது. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன் ஒருவன், எதிரே பசியோடு வருகிற பாணர் கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் பாட்டு. எந்த ஊர் வழியாகப் போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்கிறான். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டதால் நம் கைக்கு வந்த பாட்டு.

முதலில் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. அங்கே பரதவர் வீட்டில் வடித்துத் தெளிந்த கள்ளும் சுட்ட உலர்ந்த குழல்மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து வேலூர் அல்ல, மரக்காணத்தை ஒட்டிய உப்புவேலூர் என்கிறார்கள். வெயில் சுடுகிற அந்த ஊர்க் குடிசைகளில் வேட்டுவப் பெண்களான எயிற்றியர் சமைத்த புளிச்சோறும், சுட்ட காட்டுமாட்டு இறைச்சியும் தருவார்கள். பிறகு வயல் சூழ்ந்த ஆமூர். அங்கே உழவர் வீட்டுப் பெண், இரும்புப் பூண் தேய உலக்கையால் குற்றிய அரிசியில் வடித்த வெண்சோற்றை நண்டுக் கறியோடு போடுவாள். கடல், காடு, வயல். ஒவ்வொரு நிலத்திலும் அங்கே விளைந்தது எதுவோ அதுதான் இலையில்.

கடைசியில் நல்லியக்கோடன் அரண்மனை. வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூலின் முறை தவறாத பலவகை உணவுகள். அரசன் பக்கத்திலேயே நின்று ஊட்டுகிறான். இவ்வளவு தடபுடலுக்கு முன்னால், அந்தப் பாணன் வீட்டில் என்ன இருந்தது என்பதையும் கவிஞர் காட்டிவிடுகிறார்: கரையான் அரித்த சுவர், காளான் பூத்த அடுக்களை, குட்டிகளுக்குப் பால் சுரக்காமல் குரைக்கிற நாய். உப்பில்லாமல் வெந்த வேளைக்கீரையை, வறுமையை ஊர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறாள் அவன் மனைவி. கார் கொஞ்ச நேரம் அமைதியாக ஓடியது. பிறகு அண்ணன், "அந்த ஊர்ல எல்லாம் வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்மா?" என்று கேட்டார்.

திண்டிவனம் மேம்பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்கிறார்கள். நேரு வீதியில் சாயங்கால பஜ்ஜி. நாங்கள் அவற்றைக் கடந்து மரக்காணம் சாலையைப் பிடித்தோம். பாட்டைக் கேட்ட பிறகு நண்டு சாப்பிடாமல் வீட்டுக்குப் போக முடியாது. உப்பளம் வெள்ளையாக விரிகிற ஊர். கழுவெளியின் நீரும் கடலும் கிட்ட இருப்பதால் நண்டு, இறால், மீன் எல்லாம் அன்றன்றைக்கு. மீனவக் குடும்பம் ஒன்று வீட்டு வாசலில் நடத்தும் கடையில் நண்டுக் குழம்பு. புளி, மிளகாய்த்தூள், பூண்டு. தேங்காய் அரைத்து ஊற்றவில்லை. ஓட்டைக் கடித்து உறிஞ்ச வேண்டியிருப்பதால் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. ஆமூர்க்காரியின் சோறு நினைவுக்கு வராமல் இல்லை.

கள் மட்டும் இல்லை. 1987இலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. விக்கிரவாண்டியைச் சுற்றி நரசிங்கனூர், பூரிகுடிசை போன்ற ஊர்களில் பனை ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பருவத்தில் பதநீர், நுங்கு, கருப்பட்டி. சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருகிற பதநீரை விட்டுவிட்டு அதே இடத்தில் குளிர்பானம் வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. நண்பர்களாக இருந்தால் உண்டு.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் காபி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகை எத்தனை என்று எண்ண முயன்று விட்டுவிட்டோம். பித்தளை டபரா, மேலே நுரை, வாசலில் பழைய சைக்கிள் ஒன்று. கும்பகோணம் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: மோட்டல்களுக்கு முதல் போட்டியைக் கொடுத்தவை இந்தக் காபிக் கடைகள்தான். காரில் வருகிறவருக்கு நிற்பதும் நிற்காததும் தன் இஷ்டம். அதனால் கழிப்பறை கழுவப்படுகிறது, பால் தண்ணீர் ஆகவில்லை. அவற்றைப் பார்த்துப் பெரிய ஓட்டல் நிறுவனங்களும் சாலையோரத்துக்கு வந்தன. இன்னும் தட்டி எழுப்பப்படுகிறவர், டிக்கெட் எடுத்துப் பேருந்தில் போகிற பயணி மட்டும்தான். போக்குவரத்துக் கழகம் ஒப்பந்தம் போடும்போது கட்டணத்தோடு சேர்த்து, பயணியின் மதிப்பெண்ணையும் ஒரு நிபந்தனையாக வைக்கலாம். டிக்கெட்டை ஆப்பில் விற்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையல்ல.

கடைப் பெயர்கள் எங்கே என்று கேட்பீர்கள். விக்கிரவாண்டி இட்லிக் கடைக்காரரிடம், உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவர் பதறினார். "வேணாம் சார். நாப்பது பேருக்குத்தான் அரைக்கிறோம். நீங்க எழுதி, கார்ல பத்துப் பேர் வந்து நின்னா, கமிட்டி ஆளுங்க எங்க போய்ச் சாப்பிடுவாங்க?" அதன் பிறகு மற்ற கடைகளில் கேட்கவே இல்லை.

நேரத்தை மட்டும் சொல்கிறேன். விக்கிரவாண்டியில் இட்லி காலை எட்டரைக்குள் தீர்ந்துவிடும். கூழ் வண்டி பத்து மணிக்கு மேல், வெயில் காலத்தில்தான். முண்டியம்பாக்கம் ரசம் எப்போதும் உண்டு. விழுப்புரம் மெஸ்களில் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். கோர்ட் கலைந்துவிட்டால் இடம் கிடைக்காது. நண்டுக்கு மரக்காணத்தில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.